மொட்டைத் தடுப்புச் சக்கரம்

மனித குலம் சக்கரத்தை இரண்டு முறை கண்டுபிடித்தது. முதல் முறை எங்கே, யாரால் என்று சரித்திரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் முறையைப் பற்றிச் சண்டையே வேண்டாம். 1966-ஆம் ஆண்டு தை மாதம், செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில், சக்கரக்குளத்துக்குப் போகிற வழியில் அது நடந்தது. கண்டுபிடித்தவன் நான்.

அப்போது நான் 'அடிவாரப் பூங்கா அபிவிருத்திக் கிளை'யின் ஓவர்சியர். கிளையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ரப்பர் முத்திரை, நான். வெளியே கால் ஏக்கர் புல்தரை. கிளை அபிவிருத்தி செய்ய வேண்டியது இந்தப் புல்லைத்தான். அது ஏற்கெனவே தானாக அபிவிருத்தி ஆகிக்கொண்டிருந்ததால், அதை அவ்வப்போது அறுப்பதே எங்கள் பணியாக இருந்தது.

அறுத்தவள் மீனம்பாள். ஏழு வருஷமாகத் தினக்கூலி. அரசாங்கம் கொடுத்த கருக்கரிவாள் ஒன்றை வைத்துக்கொண்டு குந்தியபடியே தரையை அளந்துவிடுவாள். அறுத்த புல்லைக் கட்டாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது எழுதப்படாத ஏற்பாடு. அந்தப் புல்லைத் தின்றுதான் அவள் வீட்டுப் பசு கறந்தது. எழுதப்படாதது என்பதாலேயே எனக்கு அந்த ஏற்பாட்டின்மேல் ஒரு சந்தேகம் இருந்தது.

வெளிநாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நட்புறவில் கைதவறி ஒரு புல்வெட்டும் இயந்திரமும் வந்து இறங்கிவிட்டது. தள்ளுகிற வகை அல்ல. மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வகை. மூன்று அலுவலகங்கள் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டன. கடைசியில் 'புல் உள்ள அலுவலகம்' என்ற ஒரே தகுதியால் எங்களிடம் சேர்ந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. பொங்கல் கழித்து மேலதிகாரி பார்வையிடுவார். இயந்திரம் திருப்திகரமாக இருந்தால் 'தினக்கூலிப் புல்லறுப்பு இனம்' ரத்து செய்யப்படும்.

மீனம்பாள் அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்.

"இனம்னா யாரு சார்?"

"யாருமில்லை. அது ஒரு தலைப்பு."

"இங்க புல்லு அறுக்கிறது நான் ஒருத்திதானே?"

"ஆமாம்."

"அப்ப நாந்தானே சார் அந்த இனம்?"

அரசாங்க மொழியை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "திருப்திகரமாக இருந்தால்தானே?" என்று சொல்லிவைத்தேன்.

தேசிங்கு ராஜாவுக்குப் பிறகு அந்த அடிவாரத்தில் கம்பீரமாகச் சவாரி செய்தவன் நானாகத்தான் இருக்க வேண்டும். அவருக்குக் குதிரை; எனக்குப் பெட்ரோல். இயந்திரத்தின் வயிற்றுக்கடியில் கவிழ்த்துப்போட்ட தாம்பாளம்போல ஓர் இரும்புத் தட்டு. அதற்குள் கத்தி சுழலும். தட்டின் நான்கு மூலைகளிலும் பொம்மை வண்டிக்குப் போடுகிற அளவில் நான்கு குட்டிச் சக்கரங்கள். தட்டு தரையில் இடிக்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் பொறுப்பு.

அவை சமதரையில் பிறந்து வளர்ந்த சக்கரங்கள். எங்கள் தரையோ அடிக்கு ஒரு கல், முழத்துக்கு ஒரு குழி. சக்கரம் குழியில் இறங்கியது, தட்டு சாய்ந்தது, கத்தி புல்லோடு மண்ணையும் சேர்த்துச் சீவியது. அரை மணி நேரத்தில் பூங்காவில் பதினோரு இடங்களில் சொட்டை.

மீனம்பாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னா சார், தரைய மலையனூருக்கு இட்டுக்கினு போயி மொட்டை போட்டாந்தாப்ல இருக்குது" என்றாள்.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஓர் உறை. உள்ளே ஒரு மொட்டைக் கடிதம். கையெழுத்து இல்லை, வரியும் ஒன்றுதான். 'செஞ்சிப் பூங்காவை ஓவர்சியர் மொட்டை அடித்துவிட்டார்.'

எங்கள் துறையில் மொட்டைக் கடிதத்துக்கு உன்னதமான ஒரு நடைமுறை உண்டு. யார்மேல் புகாரோ அவருக்கே அதைக் 'கருத்துரைக்காக' அனுப்பிவிடுவார்கள். குற்றத்தைப் பற்றிக் குற்றவாளியைவிட நன்றாகத் தெரிந்தவர் வேறு யார்? 'உண்மைக்குப் புறம்பானது. கோப்பை முடிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கோப்பு முடிந்தது. ஆனாலும் அதிகாரி ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி எழுதி அனுப்பினார்: 'இனி மொட்டை கூடாது.' இது புல்லைப் பற்றியா, கடிதத்தைப் பற்றியா என்று விளக்கம் கேட்டேன். 'இரண்டும்' என்று பதில் வந்தது.

இயந்திரத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். அந்தக் குட்டிச் சக்கரங்களுக்கு அதில் ஏதோ 'ஸ்கால்ப்' என்று சேர்த்துப் பெயர் போட்டிருந்தது. ஆட்சி மொழியில் எழுத வேண்டிய காலம். அகராதியைப் புரட்டி, 'தலைத்தோல் உரிப்புத் தடுப்புச் சக்கரம்' என்று கோப்புக்குத் தலைப்பிட்டேன். மீனம்பாளிடம் வாய்விட்டுப் படித்தும் காட்டினேன்.

"மொட்டை விழாம தடுக்கிற சக்கரமா சார்?" என்றாள்.

அன்றே கோப்பின் பெயர் 'மொட்டைத் தடுப்புச் சக்கரம்' என்று மாறியது. 'பெயர் சூட்டியவர்: ஓவர்சியர்' என்று அடியில் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஞானம் பிறந்தது. சின்னச் சக்கரம் குழியில் விழும். பெரிய சக்கரம் விழாது. செஞ்சி மண்டிக்கு நெல் கொண்டுவருகிற ஒவ்வொரு மாட்டுக்கும் இது தெரியும். ஆனால் மாடுகள் கோப்பு போடுவதில்லை. நான் போட்டேன்.

சைக்கிள் கடை தனகோட்டியைக் கூப்பிட்டேன். மண்டியில் மூட்டை தள்ளுகிற வண்டியிலிருந்து நான்கு சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு வந்தான். பழையது நாலு அங்குலம், இது பத்து அங்குலம். கீழே படுத்துத் தட்டைப் பார்த்தவன் எழுந்து தலையைச் சொறிந்தான். நாங்கள் சமணர், ஊரில் எங்களை நயினார் என்பார்கள்.

"நயினாரே, இருக்கிற ஓட்டையில மாட்டினா தட்டு மூணு அங்குலம் மேல தூக்கிக்கும். மூணு அங்குலம் மேல தள்ளி புது ஓட்டை போட்டுத்தான் மாட்டணும். அப்பத்தான் தட்டு பழைய உசரத்துல நிக்கும்."

"ஓட்டையா?"

"சின்ன ஓட்டைதான். நாலே நாலு."

"அரசாங்கச் சொத்தில் ஓட்டை போட நீ யார், நான் யார்?"

விதி தெளிவாக இருந்தது. சக்கரம் மாற்றுவது 'உதிரிப்பாகம் மாற்றுதல்'. அதற்கு எனக்கு அதிகாரம் உண்டு. ஓட்டை போடுவது 'கட்டமைப்பு மாற்றம்'. அதற்கு மூன்று படிவம், மூன்று மாதம். அதிகாரி வர நான்கு நாள்தான் இருந்தது.

"இருக்கிற ஓட்டையிலேயே மாட்டு."

"மாட்டினா புல்லு வெட்டாது நயினாரே."

"மொட்டை விழுமா?"

"எப்படி விழும்? கத்திதான் புல்லையே தொடாதே!"

"அப்படியானால் சரி. மேலிடம் தடை செய்திருப்பது மொட்டையைத்தான்."

தனகோட்டி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாட்டினான்.

சோதனை ஓட்டம் மகத்தான வெற்றி. இயந்திரம் குழியில் இறங்கவில்லை, கல்லில் இடிக்கவில்லை. ஒரு மொட்டைகூட இல்லை. ஒரு புல்லும் வெட்டுப்படவில்லை. பத்துச் சுற்றுச் சுற்றினேன்; புல் நுனிக்கு நல்ல காற்று கிடைத்தது. அதில் இருந்த வெட்டுக்கிளிகள்கூட எழுந்திருக்கவில்லை. வீட்டில் சொன்னேன். இந்தக் கத்தி எத்தனை பூச்சியைக் கொன்று எனக்குப் பாவம் சேர்க்குமோ என்று அதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள் என் மனைவி ஜ்வாலாமாலினி. "இப்பத்தான் அந்த மிசினுக்கு தர்மம் தெரிஞ்சிருக்குது" என்றாள். என் கண்டுபிடிப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

ஆனால் மேலதிகாரி வெட்டுக்கிளி அல்ல. புல் குட்டையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். பார்வையிடும் நாளுக்கு முதல் நாள் காலையில் மீனம்பாளிடம் போனேன்.

"சாயங்காலத்துக்குள் முழுத் தரையையும் அறுத்துவிடு."

"நாளைக்கு மிசினு ஓட்டிக் காட்டப் போறீங்க. நான் எதுக்கு சார் அறுக்கணும்?"

"நீ அறுத்தால்தான் அது வெட்டின மாதிரி இருக்கும்."

அவள் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தாள். பிறகு, "அது வெட்டின மாதிரி இருந்தா நான் போய்டுவேனே சார்?" என்றாள்.

"உன் வேலைக்கு நான் பொறுப்பு. அதிகாரியிடம் நானே சொல்கிறேன்."

"நெசமா சொல்வீங்களா?"

"எழுத்து மூலமாகவே சொல்கிறேன்."

என் முத்திரையின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. தங்கை சின்னப்பொண்ணையும் கூட்டிவந்து, பொழுது சாய்வதற்குள் கால் ஏக்கரையும் அறுத்து முடித்தாள். அப்படி ஒரு சீரான புல்தரையை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. மொட்டைகள் இருந்த இடத்தில்கூடச் சுற்றிலும் இருந்த புல்லைப் படியப் படிய விட்டு மூடியிருந்தாள்.

மறுநாள் அதிகாரி வந்தார். அறுத்த புல்லின் மேல் நான் ராஜகம்பீரமாக இயந்திரத்தை ஓட்டினேன். அவர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார்.

"பிரமாதம்! மொட்டையே இல்லையே! சக்கரம் உமது யோசனையா?"

"ஆமாம் சார்."

"இவ்வளவும் இயந்திரத்தின் வேலையா? ஆள் யாராவது ஒத்தாசை செய்தார்களா?"

மீனம்பாள் பூங்காவின் கேட் ஓரமாக நின்றிருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டிய சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் சக்கரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சக்கரத்தைப் பற்றிச் சொன்னால் போடாத ஓட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"இயந்திரம்தான் சார்" என்றேன்.

எனக்கு நற்சான்று வந்தது. அதே உறையில் 'இனம்' ரத்தான உத்தரவும் வந்தது. சிக்கனம் கருதி ஒரே தபாலில் அனுப்பியிருந்தார்கள்.

மீனம்பாள் அரசாங்க அரிவாளைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எழுத்து மூலமா சொல்றேன்னீங்களே சார்?"

நான் நற்சான்றைக் கோப்பால் மூடினேன்.

"புல்லுக்கு மொட்டை விழக் கூடாதுன்னு எம்மாம் பெரிய சக்கரம் மாட்டினீங்க. மொட்டைய எனக்குப் போட்டுட்டீங்களே" என்றாள். அரிவாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

புல் கத்திக்கு எட்டியதும் அதில் சுற்றிக்கொண்டு கத்தியையே நிறுத்திவிட்டது; இரண்டு மாதத்தில் முழங்கால் உயரம் வளர்ந்தது. அதன் நடுவே நான் இயந்திரத்தில் உட்கார்ந்து, ஏரியில் பரிசல் விடுகிறவன்போலச் சுற்றிக்கொண்டிருந்தேன். மீனம்பாள் பசுவை விற்றுவிட்டாள் என்று தனகோட்டி சொன்னான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கொடுத்த வாக்கை அன்றே காப்பாற்றினேன். எழுத்து மூலமாக. சக்கரம், ஓட்டை, அரிவாள், கேட்டோரம் நின்றவள், என் வாயில் வந்த பொய் எல்லாவற்றையும் நாலு பக்கம் எழுதினேன். மீனம்பாளுக்கு உடனே வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும், ஓவர்சியர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடித்தேன். என் எழுத்து என்று தெரியாமலிருக்க இடது கையால் எழுதி, செஞ்சி முத்திரை விழாமலிருக்கத் திண்டிவனம் போய்த் தபாலில் போட்டேன். கையெழுத்து மட்டும் போடவில்லை.

பதினான்காம் நாள் அது என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. 'ஓவர்சியரின் கருத்துரைக்கு.'

காற்றில் பறக்காமலிருக்க மீனம்பாளின் அரிவாளை மேலே வைத்து, நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தேன். கண் கலங்கிவிட்டது. ஒரு வார்த்தை பொய்யில்லை.

பேனாவை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். 'உண்மைக்குப் புறம்பானது. கோப்பை முடிக்கலாம்' என்று எழுதினேன். அதன் கீழே, முத்திரையோடு, முழுக் கையெழுத்தாகப் போட்டேன்.