சந்தனம் பூசிய கைப்பேசி

வீட்டில் வாதாடி ஜெயிப்பதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. நான் ஜெயித்தேன். அதனால்தான் நாசமாய்ப் போனேன்.

இருபத்திரண்டு வயதில், செலண்டாரில் எங்கள் வீட்டு சோபாவில் கிடந்துகொண்டு கைப்பேசி ஆட்டத்தில் சண்டை போடுவதுதான் என் முழுநேரப் பிழைப்பு. (பிழைப்பு என்று நான் மட்டும்தான் சொன்னேன்.) "இது விளையாட்டு இல்லம்மா, வேலை. அப்பாவுக்கு லோரி மாதிரி எனக்கு போன்" என்று ஒரு வருடமாக அம்மாவின் காதில் ஓதினேன்.

அம்மா நம்பிவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

ஆயுத பூஜையன்று குளித்துவிட்டு வருகிறேன், கைப்பேசியைக் காணோம். சாமி மேடையில், அப்பாவின் லோரிச் சாவிக்கும் அம்மாவின் தையல் கத்தரிக்கோலுக்கும் நடுவில், திரை முழுக்கச் சந்தனமும் குங்குமமுமாக, தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஐயோ அம்மா! மூணு மணிக்கு மேட்ச்!"

ஜெயித்தால் மாநிலக் குழுவில் இடம், மாதச் சம்பளம். பாயா ரும்புட்டில் தன் வீட்டில் என் அணித்தலைவன் சிவா போனோடு காத்திருந்தான். அப்பாவின் பழைய போனில் அந்த ஆட்டம் திறக்கவே திறக்காது.

"தொழில் சாமான நாளைக்குத்தான் எடுக்கணும். அப்பாவே லோரிய தொடல, நீ என்ன அவர விட பெரிய ஆளா?"

"ஆமாலா," என்றார் அப்பா, முறுக்கைக் கடித்தபடி. "எனக்கும்தான் ஜொகூர் லோடு இருந்துச்சு."

இரண்டே முக்கால் வரை கெஞ்சினேன். கடைசியில் அம்மா இறங்கி வந்தார்.

"விளையாட்டு சாமான்னா எடுத்துக்கலாம். விளையாட்டுதான்னு சொல்லு. சொல்லிட்டு, திங்கட்கிழமை, நீ தட்டிக் கழிச்ச அந்த பேக்டரி இண்டர்வியூவுக்குப் போ."

ஒரு வருட வாதத்தை நானே கைகழுவினேன். "விளையாட்டுதான்மா," என்றேன். அழுகையே வந்துவிட்டது.

சட்டையில் அவசரமாகத் துடைத்துவிட்டு ஆட உட்கார்ந்தேன். சந்தன ஈரம் உள்ளே இறங்கிவிட்டது போல. நான் இடப்பக்கம் இழுத்தால் என் வீரன் வலப்பக்கம் போனான். பிறகு தன்னிஷ்டத்துக்கு எதிரியின் கோட்டைக்குள் நடந்துபோய், மொய் எழுத வந்தவன் மாதிரி அடக்கமாக நின்றான்.

"என்னடா பண்ற லா!" என்று சிவா அலறினான். நேரலையில் சொந்தபந்தமே பார்த்துக்கொண்டிருந்தது. (லிங்க் அனுப்பிய புத்திசாலியும் நான்தான்.) ஏழே நிமிடத்தில் தோற்றோம். சிவா இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை.

பேக்டரியில் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அம்மா என் பேக்டரி அடையாள அட்டையை வாங்கி, பொட்டு வைத்து, சாமி மேடையில் அடுக்குவார். பிறகு வந்திருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கைப்பேசியை என்னிடம் நீட்டுவார்.

"இந்தாய்யா, இது விளையாட்டு சாமான்தானே?"

வாங்கிக்கொள்கிறேன். வாதாடுவதில்லை.