டன்வுடி தெருப் பள்ளிக்குப் பிள்ளை பிடித்த கதை

ஃபிலடெல்ஃபியா,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் கார்லண்ட் மேப்ரி அவர்களுக்கு,

தங்கள் தங்கை ரெனிட்டாவின் கணவன் லெமுவேல் போலிங் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், ரெனிட்டா, தங்கள் மருமகள் டெல்ஃபீன் மூவரும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியார் இமோஜின் அவர்களும், வாரத்துக்கு இரண்டு முறை தாங்கள் முடிவெட்டிவிடும் அந்தப் புல்வெளியும் சுகம்தானே? இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் தாங்கள் நாற்பது பேசிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான்.

போன நவம்பர் நன்றி கூறும் நாள் விருந்தில் வான்கோழியை வெட்டிக்கொண்டே தாங்கள் என்ன சொன்னீர்கள் என்பது தங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "லெமுவேல், உனக்கு பஸ்ஸைத் திருப்பத் தெரியும், வாழ்க்கையைத் திருப்பத் தெரியல. அந்த ஊர்ல புள்ளையப் படிக்க வைக்க முடியுமா? எங்க ஊருக்கு வந்துடு. இங்க ஸ்கூலுக்குள்ள குளமே இருக்கு, வாத்து நீந்துது" என்றீர்கள். பதினாலு பேர் சிரித்தார்கள். டெல்ஃபீனும் வாத்துக்காகச் சிரித்தாள். அன்று காரில் வரும்போதே ரெனிட்டா சொல்லிவிட்டாள்: "இங்க பாரு லெம், ஏப்ரலுக்குள்ள இவளுக்கு நல்ல ஸ்கூல் கிடைக்கலைன்னா நாம அண்ணன் ஊருக்குப் போறோம். மாடி ரூம் காலியாத்தான் இருக்காம்." மச்சான், தங்கள் மாடி அறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தங்களுக்கு நேர் மேலே நான் குடியிருப்பது நம் இருவர் உடம்புக்கும் ஆகாது.

டெல்ஃபீனைச் செப்டம்பரில் பாலர் வகுப்பில் சேர்க்க வேண்டும், அதனால் ஜனவரியிலேயே பள்ளி தேடக் கிளம்பிவிட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது நியூ சம்மிட் சார்ட்டர் பள்ளியைத்தான். அரசாங்கப் பணத்தில் தனிக் குழு நடத்துவது, கட்டணம் கிடையாது, குலுக்கலில் பெயர் விழுந்தால் போதும். பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாளில் வேலை முடிந்த கையோடு பஸ் ஓட்டும் சீருடையிலேயே டெல்ஃபீனைக் கூட்டிக்கொண்டு போனேன், அதுதான் நான் செய்த தப்பு. வாசலில் நின்றவர் என்னைப் பார்த்ததும், "வண்டியப் பின்பக்கம் நிறுத்துங்க சார், இங்க நிறுத்தக்கூடாது" என்றார். வண்டி இல்லை, பிள்ளைதான் இருக்கிறது என்று விளக்கி உள்ளே போனால், அங்கே காத்திருந்த அம்மா அப்பாக்கள் ஒவ்வொருவராக வந்து ரயில் நிலையத்துக்கு எந்த பஸ், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, போன செவ்வாய்க்கிழமை ஏன் நாற்பது நிமிஷம் தாமதம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊழியன் என்ற முறையில் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லி முடிப்பதற்குள் தலைமை ஆசிரியரின் உரை முடிந்து கைதட்டிவிட்டார்கள், நானும் தட்டினேன். பிறகு வகுப்புகளைக் காட்டினார்கள். எல்லாம் பளபள என்று இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தரையில் நீலக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் மேல் இருபது பிள்ளைகள் உதட்டில் விரல் வைத்துச் சத்தமே இல்லாமல் நடந்து போனார்கள். எல்லோரும் "அடடா" என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கள் மருமகள், மேப்ரி குடும்பத்துக் குரல் அல்லவா, கூடமே அதிரும்படி, "அப்பா! இவங்கல்லாம் என்ன தப்பு பண்ணாங்க?" என்று கேட்டாள். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், சிரித்தார். ஆனால் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தார்.

மார்ச் மாதம் குலுக்கல். அறுபது இடம், விண்ணப்பம் ஆயிரத்துக்கு மேல். முடிவு கைப்பேசிக்கு வரும் என்றார்கள். வந்த நேரம் நான் கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளம்பும் நேரத்துக்குக் காத்திருந்தேன். திறந்து பார்க்கக் கை வரவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் என் வண்டியில் சிறுநீரக ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் மிஸ் ஓர்லீன் என்ற அம்மா முன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, "குடுப்பா இங்க, நான் படிக்கிறேன்" என்று வாங்கினார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். வண்டியில் இருந்த ஒன்பது பேரும் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். "காத்திருப்போர் பட்டியல், முந்நூத்திப் பதினேழு" என்று படித்தார். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, "இது வரிசை எண் இல்லப்பா, பஸ் நம்பர். இந்த பஸ் வராது, நீ நடந்தே போயிடு" என்றார்.

டெல்ஃபீனைக் கூட்டிக்கொண்டு நடந்தேதான் போனேன் மச்சான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் டன்வுடி தெருப் பொதுப் பள்ளி. ஆறு வருஷமாக அதன் வாசல் வழியாக பஸ் ஓட்டுகிறேன், ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அலுவலகத்தில் பெட்டிஃபோர்ட் அம்மா என்று ஒருவர், அந்தப் பள்ளிக்கு அவர்தான் அலுவலகம், தொலைபேசி, முதலுதவி எல்லாம். கூடத்தில் கூரை ஒழுகி வாளி வைத்திருந்தார்கள். இதைப் பார்த்தால் ரெனிட்டா இன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அந்த வாளியைச் சுற்றிப் பாலர் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். "முப்பத்தாறு! முப்பத்தேழு!" அவர்களின் ஆசிரியை மிஸ் வெலாஸ்கோ கையில் கடிகாரம். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு, அப்படியானால் வாளி எப்போது நிரம்பும், இதுதான் கணக்குப் பாடம். டெல்ஃபீன் என் கையை உதறிவிட்டுப் போய் வட்டத்தில் உட்கார்ந்தாள். நாற்பத்தொன்றிலிருந்து அவள் குரல்தான் கேட்டது. அரை மணி கழித்துக் கூப்பிட்டேன். "நீங்க போங்கப்பா, வாளி இன்னும் நிரம்பல" என்றாள்.

நான் ஒரு முடிவுக்கு வந்து பெட்டிஃபோர்ட் அம்மாவிடம் கேட்டேன், எப்போது சேர்க்கலாம் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட மறைக்க மாட்டேன் தம்பி. அடுத்த வருஷப் பாலர் வகுப்புக்குப் பதினொரு பேர்தான் பதிஞ்சிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள இருபது சேரலைன்னா கல்வி அலுவலகத்துல வகுப்பை மூடிடுவாங்க. பிள்ளைங்களை ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க, வெலாஸ்கோ டீச்சரையும் மாத்திடுவாங்க" என்றார். "ஏன் யாரும் சேரல?" என்றேன். "எல்லாரும் உங்களை மாதிரியே வாசல் வழியாப் போறாங்க, உள்ள வர்றதில்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குத் திங்கள்கிழமை.

மச்சான், பஸ்ஸில் ஒலிபெருக்கியில் நாங்கள் நிறுத்தத்தின் பெயரைத் தவிர வேறு எதுவும் சொல்லக்கூடாது. நானும் நிறுத்தத்தின் பெயரைத்தான் சொன்னேன். கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். "அடுத்த நிறுத்தம் டன்வுடி தெரு. இங்கே இறங்கினால் மருந்துக்கடை, துணி துவைக்கும் கடை, மற்றும் ஒரு நல்ல தொடக்கப்பள்ளி. ஐந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் பிறப்புச் சான்றிதழோடு இறங்கவும். படியைப் பார்த்து இறங்கவும்." முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் மிஸ் ஓர்லீன் என் பக்கம் சேர்ந்துவிட்டார். குழந்தையோடு ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "இவளுக்கு என்ன வயசு? அஞ்சா? எந்த ஸ்கூல்? இன்னும் பாக்கலையா? அப்ப இறங்கு, நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்றேன்" என்று மிரட்ட ஆரம்பித்தார். பின்னால் ஒருவர், "இவரு டிரைவரா, பிள்ளை பிடிக்கிறவரா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. தினமும் வேலை முடிந்ததும் பள்ளி அலுவலகத்துக்குப் போய்க் கணக்குக் கேட்டேன். புதன்கிழமைக்குள் ஐந்து பேர் பதிந்தார்கள். பதினாறு.

அந்த இரண்டு நாளும் டை கட்டிய ஒருவர் ஏறி, என் பின்னாலேயே உட்கார்ந்து, நான் அறிவிக்கும்போதெல்லாம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் தலைமை அலுவலகத்து ஆள், வேலை போயிற்று என்றே நினைத்தேன். ரெனிட்டாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தால், என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "வேலை போனா வேற வேலை. அந்த வாளிப் பாடத்தைப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து இவ சொட்டு எண்ணணும்னு குளியலறைக் குழாயை மூடவே விட மாட்டேங்கிறா. விடாத லெம்" என்றாள். தங்கள் தங்கை மச்சான்! வியாழக்கிழமை அந்த டைக்காரர் டன்வுடி தெருவில் எழுந்து என் அருகே வந்தார். ஒலிபெருக்கியைச் சட்டென்று அணைத்தேன். அவர் குனிந்து மெதுவாக, "ரெட்டைப் பிள்ளைங்க. ரெண்டு பேரையும் ஒரே வகுப்புல போடுவாங்களா?" என்றார். பதினெட்டு!

வெள்ளிக்கிழமை காலை வேலையை ஒரு நண்பனோடு மாற்றிக்கொண்டு பள்ளி வாசலிலேயே நின்றேன். மணி ஒன்பது, யாரும் வரவில்லை. பத்து, தபால்காரர் வந்தார். இன்னும் இரண்டே இரண்டு பிள்ளை, இவ்வளவு பெரிய நகரத்தில்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்நூற்றுப் பதினேழு நான் என்றால் எனக்கு முன்னால் முந்நூற்றுப் பதினாறு பேர் இருக்கிறார்களே, அவர்களெல்லாம் என்ன செய்கிறார்கள்? பின்னால் இருப்பவர்கள்? குலுக்கல் முடிவு வந்த அன்று சாயங்காலம் நியூ சம்மிட்டுக்கு விசாரிக்கப் போயிருந்தேன், அங்கே என்னைப் போலவே வந்து என்னிடம் பஸ் நேரம் கேட்ட பெண் நினைவுக்கு வந்தார். லூர்தெஸ் என்று பெயர், அவர் மகன் முந்நூற்றுப் பதினெட்டு. அவர் தொலைபேசி எண்ணை அன்றைக்கே வாங்கி வைத்திருந்தேன். கூப்பிட்டு ஒரே மூச்சில் சொன்னேன். அவர், "ஹலோ முந்நூத்திப் பதினேழு, நாங்க காத்திருக்கிறவங்க எல்லாம் போன்ல ஒரு குழு வெச்சிருக்கோம். தினம் அழுறதுக்குத்தான் வெச்சிருக்கோம். இருங்க, இன்னிக்கு வேற ஏதாவது போடுறேன்" என்றார்.

பதினொன்றே காலுக்கு லூர்தெஸ் மகனோடு வந்தார். பதினொன்றரைக்கு இரண்டு கார். பிறகு தள்ளுவண்டி, சைக்கிள், தாத்தா தோளில் ஒரு பெண், என் பஸ்ஸையே பிடித்து வந்த மூன்று பேர், என் நண்பன் நிறுத்தத்தை விட்டுப் பள்ளி வாசலிலேயே நிறுத்திக் கொடுத்தான். பெட்டிஃபோர்ட் அம்மாவின் மேசை முன்னால் வரிசை நின்றது. "பேனா, பேனா யார்கிட்ட இருக்கு?" என்று அவர் கத்த, நான் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து பேர் பேராக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். இருபதாவது பெயர் எழுதியபோது மிஸ் வெலாஸ்கோ வகுப்பிலிருந்து ஓடி வந்து கதவில் சாய்ந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு மணி அடித்தபோது லூர்தெஸ் அழைத்து வந்தவர்கள் மட்டும் பன்னிரண்டு பிள்ளைகள். மொத்தம் முப்பது!

இருபது கேட்டார்கள் மச்சான், முப்பது கொடுத்தோம். வகுப்பு நிலைத்தது, ஆசிரியை நிலைத்தார், நாங்களும் இந்த ஊரிலேயே நிலைத்தோம். தங்கள் மருமகள் டெல்ஃபீன் செப்டம்பரிலிருந்து டன்வுடி தெருப் பள்ளி மாணவி. எல்லாம் என் முன்யோசனை, என் கவனம், ஒரு சின்ன விஷயத்தைக்கூட நழுவ விடாத என் குணம். பஸ்ஸைத் தவிர வேறு எதையும் திருப்பத் தெரியாதவன் ஒரு பள்ளியையே திருப்பிவிட்டான் என்று அடுத்த விருந்தில் தாங்களே எழுந்து சொன்னால் நான் தடுக்க மாட்டேன். மாடி அறையில் தாங்கள் தாராளமாகத் தையல் எந்திரம் போட்டுக்கொள்ளலாம்.

இமோஜின் அவர்களுக்கு என் அன்பையும், தங்கள் பிள்ளைகளுக்கு ஆசியையும், அந்த வாத்துகளுக்கு விசாரிப்பையும் தெரிவிக்கவும். கர்த்தர் தங்கள் வீட்டுக்குச் சுகமும் தங்கள் வாய்க்குக் கொஞ்சம் ஓய்வும் அருள்வாராக.

என்றும் தங்கள் அன்பு மைத்துனன்,
லெமுவேல் போலிங்

பி.கு.: திங்கட்கிழமை காலை இதைத் தபாலில் போடும் வழியில், பட்டியலில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்று டெல்ஃபீன் அடம் பிடித்ததால் பள்ளிக்குப் போனோம். முப்பது பெயரையும் மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். அவள் பெயர் இல்லை. விண்ணப்பத்தை ரெனிட்டா கொடுத்திருப்பாள் என்று நான் இருந்திருக்கிறேன், நான் கொடுத்திருப்பேன் என்று அவள் இருந்திருக்கிறாள். "தினமும் வந்து நின்னீங்களே, முதல்லயே பதிஞ்சிருப்பீங்கன்னு நினைச்சேனே!" என்று பெட்டிஃபோர்ட் அம்மா தலையில் கை வைத்தார். ஒரு வகுப்புக்கு முப்பதுதான் அளவாம். அப்போது அந்த அம்மா திடீரென்று எழுந்து, ஒரு விண்ணப்பத்தை உருவி என் முன்னால் போட்டு, "எழுதுங்க, சீக்கிரம் எழுதுங்க! முப்பத்தொண்ணு ஆயிட்டா ஒரே வகுப்புல வைக்க முடியாது. இன்னொரு டீச்சரை அனுப்பியே ஆகணும்!" என்றார். செப்டம்பரில் இரண்டு வகுப்பு மச்சான், இரண்டு ஆசிரியைகள். இது நான் முதலிலிருந்தே போட்ட திட்டம் என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ரெனிட்டா இன்று தங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு வேறு ஏதாவது சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம்.