வரதராஜுலு மாமாவின் முழங்கால்

துடியலூர்,
14-8-1961

விளையாட்டுப் பக்கத்து ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, மோட்டார் பம்பு வியாபாரி பாலகோபால் கைகூப்பி எழுதிக்கொண்டது. என் மாமாவின் வலது முழங்கால் நீங்கலாக இவ்விடம் அனைவரும் நலம். தங்கள் முழங்கால்கள் இரண்டும் நலமாயிருக்கப் பேரூர் ஈசனை வேண்டுகிறேன்.

மாமா என்றால் என் அக்கா பத்மாவதியின் வீட்டுக்காரர், மில் டீமில் கால்பந்து ஆடி ஓய்ந்த வரதராஜுலு. சரவணம்பட்டிப் பந்தயத்தைத் தொடங்கிவைக்க அவர் முதல் பந்தை உதைத்துவிட்டு, "மக்கள் அன்பில் நெகிழ்ந்து சிலையாக நின்றார்" என்று போட்டிருக்கிறீர்கள். நெகிழவும் இல்லை, ஒன்றும் இல்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. கும்பிட்ட கையோடு அவர் நிற்க, சனம் விசிலடிக்க, நான் மாலை போடுகிற சாக்கில் இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தேன். வீட்டில் அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கடைசியில் அக்கா தோளைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். இன்னொரு தரம் பந்தை உதைத்தால் அந்தக் கால் மடங்கவே மடங்காது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் எழுதியதிலிருந்தோ முதல் பந்தை உதைக்கக் கூப்பிட ஊர் ஊராக வெற்றிலை பாக்குத் தட்டோடு வருகிறார்கள். தட்டை வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி, மாற முடியாது. ஆகவே வியாபாரத்தை விட்டுவிட்டு அக்கா வீட்டு வாசலில் நான் காவல். நேற்று வந்த கூட்டத்தை, மாமா கொடுமுடிக்குக் காவேரி முழுக்குப் போயிருக்கிறார் என்று ஒரு மாதிரி திருப்பிவிட்டேன். அவர்கள் செருப்பை மாட்டுகிற நேரத்தில் உள்ளேயிருந்து, "யாருங்க மாப்ளே அது? உக்காரச் சொல்லுங்க" என்று கொடுமுடி பேசுகிறது. நெஞ்சை நிமிர்த்தி வந்தார். ஒரு கை மட்டும் கதவுக்குப் பின்னால் நிலையைப் பிடித்திருந்தது. தட்டை வாங்கிப்போட்டார்.

கூட்டம் போனதும் அக்கா சொன்னாள்: "ஆடுனத ஊரே பாத்துதுங்க. எண்ணெ தேச்சு உடறதுக்கு மட்டும் நானொருத்திதானுங்களா?" நானே தட்டைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் துரத்திப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். மரியாதைக் கேடுதான். பேச்சும் வாங்கினேன், போகட்டும்.

உள்ளே கம்பிச்சுருள் கருகின மோட்டாருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து விற்கிற பழக்கம் எனக்கில்லை. அவருக்குக் கால் சரியில்லை, இனி எந்தப் பந்தையும் உதைக்கமாட்டார் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். போடுகிறவரை வாரம் ஒரு கடிதம் வரும்.

தங்கள் பத்திரிகை பெருகி, பிள்ளைகுட்டிகள் நோய்நொடியின்றி இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாலகோபால்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் மாமா கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை காந்திபுரத்தில் என் புதுக்கடை திறப்பு. "ஏனுங்க மாப்ளே, எவனெவனோ வந்து கூப்புடறான். நீங்க கூப்புடவே இல்லீங்களே" என்றார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானே தட்டு வைத்துவிட்டேன். ஆகவே மேலே கண்ட எதையும் போடவேண்டாம். படம் எடுக்க ஆளை அனுப்புங்கள். கடை வாசலில் ஒரே ஒரு பந்துதான், அதுவும் இடது காலில் என்று அக்காவிடம் பேசி முடித்திருக்கிறோம்.