வெள்ளாட்டின் உட்பொருள்

வாசகரே, வித்துவான்களில் பல ஜாதி உண்டு. எதுகை பார்ப்பவர், பாடபேதம் பார்ப்பவர், மேடையில் போடும் சால்வையின் சரிகை பார்ப்பவர். இவர்களால் யாருக்கும் தீங்கில்லை. நாம் பார்க்கப் போவது வேறு ஜாதி. இவருக்கு உட்பொருள் வித்துவான் என்று பெயர். ஒரு பாட்டைக் கையில் கொடுத்தால் இவர் அதைப் படிக்கமாட்டார், "இது யார் பக்கம்?" என்று கேட்பார். நிலாவைப் பற்றியது, யார் பக்கமும் இல்லை என்று நீங்கள் சொன்னால், "மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்" என்று ஒரு புன்னகை செய்வார். அந்தப் புன்னகைக்கு முன்னால் எந்த நிலா நிற்கும்?

அம்பத்தூரில் இந்த ஜாதிக்குத் தலைவர் எத்திராஜனார். பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியார். பெயரின் வாலில் உள்ள ‘ஆர்’ அவரே சேர்த்துக்கொண்டது. பிறர் சேர்க்கும்வரை காத்திருக்க இலக்கியத்துக்கு ஏது நேரம்? பாட்டு என்றால் அறத்துக்கு உதவ வேண்டும், இல்லை அரசியலுக்கு உதவ வேண்டும், இரண்டுக்கும் உதவாதது காகிதத்துக்குப் பிடித்த கேடு என்பது அவர் கோட்பாடு. வீட்டிலும் இதே கோட்பாடுதான். மனைவி தாட்சாயிணி தொட்டிலை ஆட்டியபடி, ‘மாமன் காவல் நிக்கிறான், கண்ணு நீ தூங்கு’ என்று பாடினால் போதும், கூடத்திலிருந்து குரல் வரும்.

"காவல் என்ற சொல்லைக் கவனித்தாயா? சொத்து உள்ளவனுக்குத்தானே காவல்? இது மிராசுதார் தாலாட்டு!"

"மெதுவாப் பேசுங்க. மிராசுதார் இப்பத்தான் கண்ண மூடுறார்."

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாள லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின. ‘வெள்ளையனே வெளியேறு’ என்று ஊர்ச் சுவரெல்லாம் கரியால் எழுதியிருந்த அந்த ஆகஸ்டு மாதத்தில், பூந்தமல்லியில் ஒரு மண்டியின் மாடியில் தமிழ்க் கூட்டம் கூடியது. எத்திராஜனார் தலைமை. உஸ்மான் கனி என்ற மல்லிகைப்பூ வியாபாரி எழுந்து, கூச்சத்தோடு ஒரு பாட்டைப் பாடினார்.

*வெள்ளாடே வெளியே போ – என்*
*வேலியைத் தாண்டிப் போ*
*உள்ளதெல்லாம் மேய்ந்துவிட்டாய் – இனி*
*ஒருகணமும் நில்லாமல் போ*

பக்கத்துவீட்டுக் கன்னியம்மாளின் ஆடு அவர் தோட்டத்தில் புகுந்து மல்லிச் செடியை மொட்டையடித்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சலில் பிறந்த பாட்டு. ஆனால் எத்திராஜனாருக்கு உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. தோட்டம் எது? பாரத தேசம். மேய்ந்தது எது? நம் நெல், நம் பஞ்சு, நம் வரிப்பணம். வெள்ளாடு யார்? யாரப்பா அந்த வெள்ளாடு? அவர் மேஜையை ஓங்கிக் குத்தினார். தண்ணீர்ச் சொம்பு உருண்டது. "இது பாட்டன்று, புரட்சி! இதை எழுதியவர் பூ விற்பவரல்லர், புயலை விற்பவர்!" மாடி அதிர்ந்தது.

"வாத்தியாரே, ஆடு செடியத் தின்னுச்சு, பாட்டு கட்னேன். அவ்ளோதான்" என்றார் உஸ்மான் கனி.

"மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்" என்றார் எத்திராஜனார்.

கடைசி வரிசையில் மப்டியில் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டி ரசித்த ஒருவரை யாரும் கவனிக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டம். தமிழ் என்றால் அவருக்கு உயிர். சர்க்கார் சம்பளம் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் உயிர்.

மறுநாள் காலை அவர் உடுப்போடு அம்பத்தூர் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எத்திராஜனாரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாத்தியாரய்யா, என் கண்ணத் தொறந்துட்டீங்க. அந்த வெளக்கத்த ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. மேல அனுப்பணும்."

"எதற்கு?"

"பாட்டு எழுதினவரப் புடிக்கத்தான். வெளக்கம் சொன்னவர இன்னா பண்றதுன்னு மேலிடம் சொல்லும்."

பள்ளிக்கூட வேலை, தொட்டிலில் பிள்ளை, ஜெயில் களி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எத்திராஜனாரின் கண்முன் வந்தன. "ஸார், ஆடு என்றால் ஆடுதான்" என்றார்.

கோதண்டம் புன்னகை செய்தார். "மேலோட்டமாப் பாத்தா அப்படித்தான் தெரியும், அய்யா."

தன் புன்னகை இன்னொருவர் முகத்தில் எப்படி இருக்கும் என்று எத்திராஜனார் அன்றுதான் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை. "ஆட்டையே காட்டுகிறேன், வாருங்கள்!" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஜட்கா வண்டி பூந்தமல்லிக்குப் போய்ச் சேரும்வரை வேண்டாத தெய்வமில்லை.

கன்னியம்மாள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அட்டக்கரி நிறம்.

"பார்த்தீர்களா! கறுப்பு!" என்று கூவினார் எத்திராஜனார். வெள்ளைக்காரனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கோதண்டம் ஆட்டைச் சுற்றி வந்தார். "கறுப்பு ஆட்ட வெள்ளாடுன்னு பாடுவானேன்? அங்கதான அய்யா உட்பொருளே கீது."

"வெள்ளாடுன்னா அது ஜாதிப் பேரு சாமி, கலரு இல்ல" என்றாள் கன்னியம்மாள்.

"நீ சும்மா இரும்மா. எலக்கியம் பேசிக்கினு இருக்கோம்."

இதற்குள் உஸ்மான் கனி கடையை விட்டு ஓடிவந்திருந்தார். அவர் மனைவி ஜஹானாரா கதவுக்குப் பின்னால் நின்றாள். கூட்டம் சேர்ந்தது. எத்திராஜனாருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பாட்டையே கொன்றுவிடுவது. "ஸார், இதில் உட்பொருளும் இல்லை, வெளிப்பொருளும் இல்லை. யாப்பு தெரியாத ஆள், வாய்க்கு வந்ததைக் கிறுக்கியிருக்கிறார். இதைப் பாட்டு என்று சொல்வதே தமிழுக்குச் செய்யும் பாவம்!"

இந்த மனுஷரையும் சேர்த்துத்தானே காப்பாற்றுகிறோம் என்று உள்ளூர அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆனால் உஸ்மான் கனியின் முகம் சிவந்தது.

"நிறுத்து வாத்தியாரே. நேத்து அம்மாம் பேர் முன்னால நீதான சொன்ன? ஊட்டுக்குப் போயி ராவெல்லாம் தூக்கம் இல்ல எனக்கு. போன மாசம் பட்டாளத்துக்குன்னு என் வண்டியப் புடிச்சிக்கினு போய்ட்டாங்கோ. கூடகூடையா பூ அழுவிப் போச்சு. கேக்க நாதியில்ல. அப்ப யாரு மேயுறது? ஆடா?" அவர் கோதண்டம் பக்கம் திரும்பினார். "ஸார், எழுதிக்கோங்கோ. பாடும்போது ஆடுதான். இப்போ ஆடு இல்ல."

"யா அல்லா! ஆடுன்னு சொல்லிட்டு வாங்களேன்!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஜஹானாரா அழுதாள்.

"சொல்லிடுவேன் ஜஹான். ஆனா பொய்யாப் பூடும்."

கோதண்டத்துக்கே சங்கடமாகிவிட்டது. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "வாத்தியாரய்யா, கடசியாக் கேக்கறேன். ஆடா, அவங்களா?"

கூட்டம் முழுக்க எத்திராஜனாரைப் பார்த்தது. ‘அவர்கள்தான், முதலில் சொன்னவன் நான்’ என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது. அந்த நெருக்கடியில் அவருக்குப் புதுக் கோட்பாடு ஒன்று பிறந்தது.

"கவிஞனின் நோக்கத்தைப் பற்றிச் சொல்ல விமரிசகனுக்கு அதிகாரம் இல்லை" என்றார், தரையைப் பார்த்து.

உஸ்மான் கனிக்கு ஆறு மாத ஜெயில். ஜஹானாரா பிள்ளைகளை வைத்துக்கொண்டு பூக்கடையை நடத்தினாள். எத்திராஜனார் பூந்தமல்லிப் பக்கமே தலைகாட்டவில்லை. தாட்சாயிணி மட்டும் வெள்ளிதோறும் வண்டி பிடித்துப் போய் அந்தக் கடையிலேயே பூ வாங்கினாள். "இங்கே கிடைக்காத பூவா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இது வெறும் பூதாங்க. உள்ள ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

ஆறு மாதம் கழித்து, அதே மாடியில் உஸ்மான் கனிக்கு வரவேற்பு. தலைமை யார்? சந்தேகமென்ன, எத்திராஜனார்தான்! இப்படிப்பட்டவர்களை விட்டால் தலைமைக்கு ஆள் ஏது? அழைத்தபோது மறுத்துப் பார்த்தார். "உட்பொருளக் கண்டுபிடிச்சதே நீங்கதான" என்றார்கள். மறுப்பு அதோடு முடிந்தது. இளைத்துப்போய் வந்திருந்த உஸ்மான் கனி, ஜெயிலில் கட்டிய புதுப்பாட்டைப் பாடினார். மூட்டைப்பூச்சியைப் பற்றியது. கட்டிலின் இடுக்கில் குடியேறி, கூப்பிடாமல் வந்து, நம் ரத்தத்தைக் குடித்தே சிவந்துபோன மூட்டைப்பூச்சி! மாடி ஆரவாரித்தது. விளக்கம் கேட்க எல்லோரும் வித்துவானைப் பார்த்தார்கள்.

எத்திராஜனார் எழுந்தார். மார்பு விம்மியது. வாயைத் திறந்தார். கடைசி வரிசையில், மடியில் காகிதமும் பென்சிலுமாக, கோதண்டம் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இது," என்றார் எத்திராஜனார், "மூட்டைப்பூச்சியைப் பற்றிய பாட்டு."

உட்கார்ந்துவிட்டார்.

எல்லோருக்கும் முந்தி உஸ்மான் கனிதான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இப்பதான் வாத்தியாரே நீ பாட்டக் கேட்ட!" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எத்திராஜனாருக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, எழுதினவன் எந்தக் கட்சி என்று ஒருமுறையாவது உங்களுக்குத் தோன்றியதா? இதில் வருகிற வாத்தியார் உண்மையில் இன்னார்தான் என்று பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்ல வாய் துறுதுறுத்ததா? சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும் முன் கடைசி வரிசையை மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.