மருமகன் கஞ்சி ஊற்றிய நாள்

அடுத்தவர் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். விளாத்திகுளத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பல வருடமாக ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். ரிசல்ட் சீட்டை நீட்டும்போது ஒரு பிரசங்கமும் சேர்ந்தே வரும். "என்ன அண்ணாச்சி, போன மாசத்துக்கு இந்த மாசம் ஏறிக் கிடக்கு? டீக்கு எத்தன ஸ்பூன் சீனி போடுதீய?" என்று கேட்டால், எழுபது வயதுக்காரர்கள்கூட வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் எனக்கே சுகர் இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பு, புதிதாக வந்த மிஷினைச் சோதிக்க என் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தபோது தெரியவந்தது. மிஷின் கெட்டுப்போய்விட்டது என்று முதலாளியிடம் புகார் செய்தேன். அவர் தன் விரலைக் குத்திப் பார்த்தார். மிஷின் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வெளிய சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? நிக்காஹ் முடியட்டும். பொறவு பக்குவமா சொல்லிக்கிடலாம்." நிக்காஹ் முடிந்தது. கோவில்பட்டியில் பயறு கமிஷன் கடை வைத்திருந்தவரின் மூத்த மகள் சபீனா எனக்கு மனைவியானாள். அம்மா சொன்ன பக்குவம் மட்டும் வரவே இல்லை. சுகர் மாத்திரைகளை ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டுவைத்து, முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடுவதாக சபீனாவிடம் சொல்லியிருந்தேன். (முன்மண்டையில் அப்போதே பாதி காலி. அதனால் அவளும் நம்பிவிட்டாள், பாவம்.)

இப்படி இருக்கையில் தலை நோன்பு வந்தது. மே மாத நோன்பு. புது மாப்பிள்ளையை மாமனார் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். மாமா குடும்பம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் முறை அந்த வாரத்தில் விழுந்திருந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகன் அன்றைக்கு அகப்பையைப் பிடித்து, வருகிற எல்லோருக்கும் கஞ்சி ஊற்ற வேண்டும். அந்தத் தெருவில் அது ஒரு மரியாதை.

நோன்பு வைப்பதாக இருந்தால் முன்கூட்டியே வந்து பார்க்கும்படியும், மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவதாகவும் எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். நான் போகவில்லை. எனக்குத் தெரியாததா!

முதல் நாள் நோன்பு திறக்க உட்கார்ந்தபோது மாமி என் முன்னால் பரப்பிவைத்ததைப் பார்த்தே எனக்கு மூச்சு முட்டியது. ரோஸ் சர்பத், வடை, சமோசா, பால் கொழுக்கட்டை, ஒரு சட்டி நிறைய வட்டலப்பம். "வேண்டாம் மாமி" என்றால் "எங்க கை ருசி பிடிக்கலியோ?" என்று முகம் வாடுகிறது. காரணத்தைச் சொல்ல வழியில்லை. ஆகவே சாப்பிட்டேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் போட்டியாகச் சாப்பிட்டார். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு விரலைக் குத்திப் பார்த்தேன். நானூறைத் தொட இருபதுதான் பாக்கி.

அங்கேயே நின்று ஒரு திட்டம் போட்டேன். விடியுமுன் சாப்பிடும் சஹரில் ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை, சாப்பாடு மட்டும் அரை தோசை. ஏறியதை அப்படியே இறக்கிவிடலாம் என்று கணக்கு. இதே காரியத்தை வேறு யாராவது செய்துவிட்டு என் முன்னால் வந்து நின்றிருந்தால், அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

"பச்சப்புள்ள கணக்கா கொறிக்கீயளே மாப்ள" என்றார் மாமி.

"சஹர்ல எனக்கு அவ்வளவாப் பசிக்காது மாமி."

முறை நாளான அன்று காலை மாமா என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு இடைசெவல் பக்கம் போனார். விளைந்த பயறை அவருக்குப் போடுகிற சம்சாரிகளிடம் என்னைக் காட்ட வேண்டுமாம். "எம் மூத்த மருமவன். லேப்ல டாக்டரு மாதிரி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். மூன்றாவது வீட்டில் 'மாதிரி'யை எடுத்துவிட்டார். கோடை உழவு போட்டு வெடித்துக் கிடந்த கரிசலில் விழுந்த வெயில், தரையிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. மத்தியானமே எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. இந்த ஊரில் மே மாதம் வியர்ப்பது ஒரு நோயா என்று விட்டுவிட்டேன்.

மாலை அஸர் தொழுகை முடிந்து கஞ்சி அண்டாவுக்கு முன்னால் நின்றபோது, அது வெயில் வியர்வை இல்லை என்று தெரிந்துவிட்டது. கை நடுங்கியது. எதிரே நின்ற வரிசை ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தது. ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் ஊரே பார்க்க, மாமாவின் முறை நாளில், புது மருமகன் நோன்பை விட்டால் ஏன் என்று கேட்பார்களே. இன்னும் ஒன்றேகால் மணி நேரம்தான், பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று நினைத்தேன். நான் தெளிவாக நினைத்த கடைசி விஷயம் அதுதான். மற்றதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது. (வருடாவருடம் சொல்கிறார்கள்.)

முதல் இரண்டு வாளிகளுக்கு ஒழுங்காக ஊற்றினேனாம். மூன்றாவது அகப்பையை வாளிக்கு வெளியே ஊற்றினேன். நான்காவதை ஜமாஅத் தலைவரின் வெள்ளைச் சட்டைக் கைக்குள். அவர் துள்ளிக் குதிக்க, நான் நாக்குக் குழற, "ஏலே, ஆடாம நில்லும்வே! உமக்கு எத்தன வாளி?" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் சிரிக்கவும் செய்தேன்.

மாமா ஓடிவந்தார். "மாப்ள, என்ன ஆச்சு?"

"நீரு யாரு?" என்றேன் நான்.

வரிசையில் யாரோ, "தண்ணி போட்டிருக்காரு போலயே" என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில் மாமாவின் முகம் இருண்டுபோனதாம். ஊருக்கு நல்லது செய்து, நாலு பேரிடம் நல்ல பெயர் வாங்கி வாழ்ந்த மனிதர். கல்யாணமான நாள் முதல் என்னை 'மாப்ள' என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

"ஏலே! நோன்பும் அதுவுமா குடிச்சிட்டா வந்து நிக்க?" என்று என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தேன்.

அப்போதுதான் மாடத்தி வரிசையை விட்டு ஓடிவந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து போகிற வழியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி வாங்க தூக்குவாளியோடு தினமும் வருகிறவள். "அடிக்காதீய அண்ணாச்சி! மேலத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு கிடக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். இது குடி இல்ல, சுகரு எறங்கிப் போச்சு. சீனித்தண்ணி கொண்டாங்க, ஓடுங்க!"

இதற்கு நான் செய்த காரியம்தான் எல்லாவற்றுக்கும் மேல். பல்லைக் கிட்டித்துக்கொண்டு, "எனக்குச் சுகர் கெடையாது! எனக்குச் சுகர் கெடையாது!" என்று கத்தினேனாம். மாமாவைத் தெரியவில்லை, என் பெயர் தெரியவில்லை, பொய் மட்டும் மறக்கவில்லை. பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "உயிர் போற நேரத்துல அல்லாஹ் நோன்பக் கேக்கல தம்பி, வாயத் தொறங்க" என்று கெஞ்சினார். மாடத்தி கெஞ்சவில்லை. தாடையைப் பிடித்து அழுத்தி சீனித்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டாள். பாதி சட்டையில் போனது. மீதி என்னைக் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியில் கையில் டிரிப்ஸோடு படுத்திருந்தபோது சபீனா வந்தாள். அழுவாள், சமாதானம் சொல்லலாம் என்று நான் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"என்ன மாத்திர சாப்பிடுதாருன்னு டாக்டர் கேட்டாரு. முடிக்குத்தான் சாப்பிடுதாருன்னு டப்பாவக் குடுத்தேன். அதப் பாத்துட்டு நர்ஸ் சிரிச்சிட்டா" என்றாள். டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "அம்புட்டுப் பேரு முன்னால ஒண்ணும் தெரியாத முட்டாளா நின்னேன். சுகர்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

உடம்பு விஷயத்தில் இனி இந்தக் குடும்பத்தில் எதையும் மறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்த ரமலான் முடியும்வரை அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. மாமாவோ ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் விளாத்திகுளத்துக்கு, என் லேபுக்கே வந்துவிட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. என் எதிரே உட்கார்ந்து, என்னை அறைந்த அதே வலது கையை மேசைமேல் நீட்டினார். "எனக்கும் ஒண்ணு குத்திப் பாத்திருங்க மாப்ள. இந்தக் கையிலயே குத்துங்க." குத்தினேன்.

அவருக்கு என்னைவிட மோசமாக இருந்தது. சீட்டை வாங்கிப் பார்த்தார், மடித்தார், அங்கேயே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "வீட்ல சொல்லிராதீய. சின்னவ கல்யாணம் நிக்கி. உங்க மாமி வேற பயந்து சாவா. பெருநா கழியட்டும், நானே டாக்டரப் பாத்துக்கிடுதேன்."

நான் சரி என்றேன். சபீனாவிடம் செய்த சத்தியம் அப்போதும் ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் சரி என்றேன். ஊர் முன்னால் என்னை அடித்த மனிதர் என்னிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறார். எனக்கும் அவருக்கும் மட்டும் ஒரு ரகசியம். அது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருடம் டாக்டரிடம் முன்கூட்டியே போனேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சஹரில் கம்பந்தோசை, அவித்த முட்டை, பாசிப்பயறுச் சுண்டல், நிறையத் தண்ணீர். திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் கஞ்சி. சர்பத்தும் எண்ணெய்ப் பலகாரமும் கிடையாது. விரலைக் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். எழுபதுக்குக் கீழே போனால் நோன்பு திறக்கும் பாங்குக்குக் காத்திராமல் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மாமி வட்டலப்பச் சட்டியைப் பரணில் ஏற்றினார்.

நாங்கள் அங்கே போகிற நாளெல்லாம் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு வைத்ததையே தனக்கும் வைக்கச் சொல்வார். "மருமவன அடிச்சிட்டோம்னு அரிசிச் சோத்தையே விட்டுட்டாரு மனுசன்" என்று மாமி தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார். இப்படி ஒரு மாமனார் யாருக்கு வாய்ப்பார் என்று தெருவும் பேசியது. மாமா கம்பந்தோசையைப் பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

"சாப்பாடு மட்டும் பத்தாது மாமா, டாக்டரப் பாக்கணும்" என்று தனியாக இருக்கும்போது சொல்வேன். "பயறு வரத்து முடியட்டும் மாப்ள" என்பார். பயறு வரத்து முடிந்தால் மழை. மழை முடிந்தால் சின்னவள் கல்யாணம். மூன்று வருட நோன்பு இப்படிப் போனது. ஒரு மாத்திரைகூட இல்லாமல் மூன்று நோன்பையும் முழுசாக வைத்தார்.

பிறகு ஒரு தை மாதம், எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் களத்தில் பயறு பார்க்கப் போனவருக்குக் காலில் கருவேல முள் ஏறியது. சுகரில் கால் மரத்துப்போயிருந்ததால் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. புண் புரையோடிக் காய்ச்சல் கண்ட பிறகுதான் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்கள். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "எத்தனை வருஷமா சுகர் இருக்கு?" என்று அங்கே கேட்டார்கள். "அவியளுக்கு அப்படி ஒண்ணும் கெடையாதே" என்றார் மாமி. நான் பக்கத்தில்தான் நின்றேன். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆறாம் நாள் போய்விட்டார்.

இப்போது பள்ளிவாசலில் அந்த முறையை நான் எடுத்துச் செய்கிறேன். அகப்பையைத் தொட்டதும் வரிசையில் யாராவது, "மாப்ள, சட்டைக் கைய மடிச்சிக்கிடவா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஜமாஅத் தலைவர் இரண்டடி தள்ளி நிற்பார். மாடத்தி சீனிப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வருவதாகச் சொல்லிச் சிரிப்பாள். அன்று நோன்பு திறந்ததும் மாமி இரண்டாவது மருமகனை உட்காரவைத்து முழுக்கதையையும் நடித்துக் காட்டுவார். "நீரு யாருன்னு கேட்டாரே அவியளப் பாத்து!" என்று சொல்லும்போது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். நானும்தான்.

சிரித்து ஓய்ந்ததும் சபீனா தன் அப்பாவை நினைத்து ஒவ்வொரு வருடமும் ஒன்றையே சொல்கிறாள். "அத்தாவுக்கும் அப்பவே ஒரு தடவ குத்திப் பாத்திருக்கலாம். தெரிஞ்சிருந்தா விட்டிருப்பமா?" நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

இந்த வருடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வாய் வரவில்லை, எழுதுகிறேன். சபீனா, அத்தாவுக்கு நான் குத்திப் பார்த்தேன்.