ஒருங்கிணைப்பாளரும் ஒன்றரை முழ ரிப்பனும்

ஆஸ்பத்திரியைச் சுற்றி நடமாடும் மனிதர்களில் மூன்று இனங்கள் உண்டு. டாக்டர், நர்ஸ், நிதி திரட்டும் ஒருங்கிணைப்பாளர். முதல் இரண்டும் உயிரைக் காப்பாற்றுபவை. மூன்றாவது இனம் உயிரை வாங்குவது. எந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதோ, அதற்குள் குழந்தைகள் வார்டு என்று ஒன்று இருக்கிறதோ, அங்கே இந்த இனம் தானாக முளைத்துவிடும். விதைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். அவ்வப்போது காபி ஊற்றினால் போதும்.

எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? கழுத்தில் அட்டை தொங்கும். கையில் ஒரு ஃபைல் இருக்கும், அந்த ஃபைலுக்குள் இன்னொரு ஃபைல் இருக்கும். நடக்க மாட்டார், விரைவார். எதிரே வந்து தொலைத்தீர்களானால் சட்டென்று நின்று, உங்கள் தோளில் கையைப் போட்டு, "நல்லவேளை, உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்!" என்பார். அவர் உங்களைத் தேடவில்லை. யாரையுமே தேடவில்லை. அகப்பட்டவரைத் தேடப்பட்டவராக மாற்றுவதுதான் அவருடைய வித்தை.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் அகப்பட்டவன் அடியேன். நான் அதே கட்டடத்தில் இருக்கும் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் குமாஸ்தா. எனக்கும் மருத்துவத்துக்கும் உள்ள ஒரே தொடர்பு, மருத்துவ மாணவர்களின் விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அடுக்கிவைப்பது. ஆனால் லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தொடுவதற்குள் நான் குழந்தைகள் நல நிதித் திட்டத்தில் உறுப்பினராகிவிட்டேன். நான்காவது மாடியில் செயலாளர். நல்லவேளையாகக் கட்டடத்துக்கு ஐந்தாவது மாடி கிடையாது.

எங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'முதலாவது'. எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "முதலாவதாக..." என்று ஆரம்பிப்பார். இரண்டாவதாக என்ன என்பதை இதுவரை ஒரு ஜீவனும் கேட்டதில்லை. அதற்குள் காபி வந்துவிடும், அல்லது நேரம் முடிந்துவிடும், அல்லது அவருடைய மனைவி போன் செய்துவிடுவார். "வீட்டுல குழாய் ஒழுகுதுங்க, ரெண்டு வாரமா சொல்லிட்டிருக்கேன்" என்று அந்த அம்மாள் கத்துவது எங்கள் எல்லோர் காதிலும் விழும். "அஜெண்டாவுல சேர்த்துக்கறேம்மா" என்று இவர் போனை வைப்பார்.

சரி, எதற்காக இந்தத் திட்டம்? அதைக் கேட்ட ஒரே ஆள் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். பாவம், அந்த அம்மாளிடமிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. முதல் கூட்டத்துக்கு ஒரு துண்டுக் காகிதத்துடன் வந்தார். அதில் ஒரே ஒரு வரி. வார்டுக்கு ஒரு விளக்கு வேண்டும். கைக்கு அடக்கமான விளக்கு, டார்ச் மாதிரி. கையின் மேல் காட்டினால் தோலுக்கு அடியில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரியும். சின்னக் குழந்தைகளுக்கு டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நாலு தடவை, ஐந்து தடவை என்று குத்த வேண்டியிருக்கிறது. விளக்கு இருந்தால் ஒரே குத்து.

"அவ்வளவுதான் சார். வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

அறையில் பதினான்கு பேர் இருந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் மனசு வைத்திருந்தால் அன்று மாலையே அதை வாங்கியிருக்கலாம். முதலாவதின் முகம் வாடிவிட்டது. வெறும் விளக்கா? அதற்கென்று ஒரு திட்டம் வேண்டாமா? திட்டத்துக்குப் பெயர் வேண்டாமா? பெயருக்குச் சின்னம் வேண்டாமா?

வைத்தோம் ஐயா பெயர்! 'சிறு கை, பெரு நம்பிக்கை.' அதற்கு மூன்று கூட்டம். சின்னத்துக்கு ஐந்து கூட்டம். ஏனென்றால் இதயத்துக்குக் கண், மூக்கு, வாய் வைத்து அது சிரிக்க வேண்டுமா, அல்லது இதயம் சும்மா இதயமாகவே இருந்தால் போதுமா என்பதில் குழு இரண்டாகப் பிளந்து, ஒரு தரப்பு வெளிநடப்புச் செய்து, கேன்டீனுக்குப் போன இடத்தில் கேக் தீர்ந்துபோயிருந்ததால் திரும்பி வந்தது. அப்புறம் டி-ஷர்ட். அப்புறம் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஒரு நடைப்பயணம். அப்புறம் நடைப்பயணத்தில் நடந்தவர்களுக்குச் சான்றிதழ். நடக்காமல் காரில் வந்தவர்களுக்குச் சிறப்புச் சான்றிதழ். துணைக்குழுக்கள் மட்டும் ஒன்பது. நான் ரிப்பன் துணைக்குழுவின் செயலாளர். அதில் நான் ஒருவன்தான் உறுப்பினர் என்பதால், கூட்டம் போட்டால் நூற்றுக்கு நூறு வருகை.

இதற்கு நடுவில் அழைப்பிதழுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. முதலாவது என்னையும் புகைப்படக்காரரையும் இழுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார்.

"ஒரு குழந்தை காட்டுங்க சிஸ்டர். கொஞ்சம் நோயாளி மாதிரி தெரியணும். ரொம்பத் தெரியக் கூடாது. சிரிக்கணும். முக்கியமா, அழாத குழந்தை."

நர்ஸம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இங்க அழாதது நான் மட்டும்தான் சார். என்னை எடுத்துக்கறீங்களா?"

ஜன்னல் ஓரக் கட்டிலில் நாலு வயதுச் சுட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வார்டில் அவளுக்குப் பெயர் கட்டெறும்பு. ஊசியோடு யார் கிட்டே வந்தாலும் கடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். ஒரு நாளைக்கு இரண்டு வேளை அவளுக்கு மருந்து நரம்பு வழியாக ஏற வேண்டும். போட்ட ஊசி ஒரு நாள் தங்கினால் அதிகம், வீங்கிவிடும், மறுபடி வேறு இடம் தேடிக் குத்த வேண்டும். இரண்டு கையிலும், இரண்டு பாதத்திலும் நீலநீலமாகக் கன்றியிருந்தது. அவளுடைய அம்மா கட்டில் காலடியில் உட்கார்ந்து அந்தக் கன்றிய இடங்களில் ஊதிக்கொண்டிருந்தாள். ஊதினால் சரியாகிவிடுமா என்ன? ஆனால் அந்தத் தாய்க்கு வேறு என்ன செய்யத் தெரியும்? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலாவது அதையெல்லாம் கவனிக்கவில்லை. "சிரிம்மா, அங்கிளுக்காகச் சிரி" என்று அவள் கன்னத்தைக் கிள்ளப் போனார். ஒரே கடி. ஆட்காட்டி விரல். அழைப்பிதழில் கடைசியில் முதலாவதின் படமே வந்தது, விரலில் கட்டுடன். பார்க்க மிகவும் உருக்கமாக இருந்ததாகப் பலரும் சொன்னார்கள்.

இத்தனை கூத்துக்கும் பிறகு, நம்பினால் நம்புங்கள், விளக்கு வந்துவிட்டது! ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு அட்டைப் பெட்டியில். நர்ஸம்மா சேதி கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "குடுங்க சார், கட்டெறும்புக்குக் காலையிலேர்ந்து நரம்பே கிடைக்கல" என்று கையை நீட்டினார்.

முதலாவது பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "என்ன சிஸ்டர் இது, சின்னப்பிள்ளையாட்டம்? இன்னும் திறப்பு விழா நடக்கலையே! திறக்காத பொருளை எப்படி உபயோகிக்கிறது?"

ஆகவே பெட்டி கீழ்த்தளக் கூடத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசை மேல் வைக்கப்பட்டது. சிவப்பு ரிப்பன் ஒன்றரை முழம் எடுத்து, நானே கட்டினேன். நடுவில் பூ முடிச்சு. வெட்டுவதற்குப் புதுக் கத்தரிக்கோல். அது காணாமல் போய்விடக் கூடாதே என்று என் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். சாவி இல்லை, பூட்டு இல்லை, காவலும் இல்லை. வெறும் ரிப்பன்தான். ஆனாலும் அந்த வழியாகப் போன டாக்டர்கள், பேராசிரியர்கள், நான் உட்பட எத்தனையோ பேரில் ஒருவர் கையும் அதன் பக்கம் நீளவில்லை.

தலைமை விருந்தினர் ஒரு தேதி கொடுத்தார். பிறகு வெளியூர் போய்விட்டார். இன்னொரு தேதி கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம். மூன்றாவது தேதி அவருக்குச் சரி, ஆனால் மைக்செட்காரருக்குச் சரிப்படவில்லை. நர்ஸம்மா மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். மூன்றையும் முதலாவது ஃபைலுக்குள் இருக்கும் ஃபைலில் பத்திரமாக வைத்தார். தினமும் மதியம் சாப்பிடப் போகும்போது நான் அந்தக் கூடத்தைக் கடப்பேன். முடிச்சு சாய்ந்திருந்தால் நேராக்கிவிட்டுப் போவேன். பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பதினெட்டாம் நாள் மதியம் முடிச்சை நேராக்கிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து அழுகைச் சத்தம். கட்டெறும்பின் குரல்தான், ஆனால் வழக்கமான வீறல் இல்லை. அலுத்துப்போய், சக்தியில்லாமல், இழுத்து இழுத்து அழுதாள். நர்ஸம்மா படியிறங்கி வந்தார். நேரே என் முன்னால் நின்றார்.

"அஞ்சு தடவை குத்திட்டேன் சார். மருந்து ஏறணும், நேரம் தாண்டிடுச்சு. இனிமே கழுத்துலதான் தேடணும். கத்தரிக்கோல் உங்ககிட்டத்தானே இருக்கு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே கூசுகிறது. "சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றேன்.

நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தன் பையிலிருந்து கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார். சரக். மைக் இல்லை, கைதட்டல் இல்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். ஏனென்று தெரியாமல் நானும் அறுந்த ரிப்பனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

விளக்கைக் குழந்தையின் கை மேல் காட்டினார். பச்சை வெளிச்சம் விழுந்தது. அதற்குள் கறுப்பாகக் கோடு கோடாக நரம்புகள். அழுகை பாதியில் நின்றது.

"அது என்னது?" என்றாள் கட்டெறும்பு.

"உன் கைக்குள்ள ரோடு போட்டிருக்குடி தங்கம். பாரு, எத்தனை ரோடு!"

"இதுல யாரு போவாங்க?"

"மருந்து போகும்" என்று சொல்லிக்கொண்டே நர்ஸம்மா ஊசியைச் செலுத்தினார். ஒரே குத்து. கடி இல்லை. குழந்தையின் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "இத்தனை நாளா இது எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் கையிலிருந்த ரிப்பனைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

சேதி கேட்டு முதலாவது பறந்து வந்தார். வார்டு வாசலில் நின்று, "யார் வெட்டினது?" என்றார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று நீங்கள் நினைத்திருந்தால், இவ்வளவு நேரம் நான் எழுதியது வீண். "திங்கட்கிழமை விழா! விருந்தினர் எதை வெட்டுவார்? பெட்டியைக் கீழே கொண்டுபோய், பழையபடி கட்டி வைங்க!" என்று என்னைப் பார்த்து உத்தரவு போட்டுவிட்டு, மைக்செட்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

நர்ஸம்மா விளக்கை அணைக்காமலேயே என்னைப் பார்த்தார். "விளக்கு கீழே வராது. பெட்டி வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

பெட்டியை எடுத்துக்கொண்டேன். காற்றுக்கு ஆடாமல் இருக்க எங்கள் பிரிவிலிருந்து பழைய விடைத்தாள் கட்டு ஒன்றை உள்ளே வைத்தேன். கிட்டத்தட்ட எல்லாம் தோற்றுப்போனவர்களின் தாள்கள். புது ரிப்பன் கட்டினேன். திங்கட்கிழமை காலை முதலாவது வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே விளக்கு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முடிச்சு நடுவுல இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

விழா பிரமாதம். விருந்தினர் ரிப்பனை வெட்டினார், பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "நல்ல கனமா இருக்கே!" என்றார். "உயர்ந்த தொழில்நுட்பம் சார்" என்றார் முதலாவது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கடைசிவரை யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. முதலாவதுக்குக் கேடயம் கொடுத்தார்கள். எனக்குச் சான்றிதழ். மாடியில் ஒரு கட்டிலில் கட்டெறும்பு தன் கையைப் பச்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து ரோடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் விழாவுக்கு அழைக்கவில்லை. விரலைக் கடிப்பாள் என்ற பயம்.

இவ்வளவு நேரமும் "ஆமாம் ஆமாம், எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்கார்" என்று தலையை ஆட்டிக்கொண்டுதானே படித்தீர்கள்? நானும் முதலாவதைச் சொல்லித்தான் ஊரெல்லாம் சிரிக்கிறேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினெட்டு நாளும் கத்தரிக்கோல் அவரிடம் இல்லை. என் சட்டைப்பையில் இருந்தது. மாடியில் அந்தக் குழந்தையைக் குத்திக் குத்தி நரம்பு தேடிய நாளெல்லாம், சாப்பாடு முடித்துப் படியேறிய எனக்கு அது நெஞ்சில் இடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் அதை எடுத்து மறுபக்கப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதனால், எதற்கும் உங்கள் சட்டைப்பையையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். கூர்மையாக ஏதாவது தட்டுப்பட்டால், தயவுசெய்து அதற்காக ஒரு கூட்டம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.