வாயில் எண்ணெய் இருக்கும் வரை

ஓட்டைவாயரை உங்களுக்குத் தெரியும். எண்ணெய்வாயரைத் தெரியுமா? இரண்டு கன்னமும் உப்பி, கண் எங்கோ நிலைகுத்தி, பூட்டிய வாய்க்குள் ஒரு கரண்டி செக்கு நல்லெண்ணெயை அங்கும் இங்குமாக ஓட்டிக்கொண்டு காலையில் கேட்டோரம் நிற்பாரே, அவரேதான். சௌக்கியமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் இருபது நிமிடம் கழித்துத்தான் வரும். வந்தால் ஒரு மணி நேரத்துக்கு நிற்காது.

தூத்துக்குடி ஃபிராங்க்ளின் இந்த இனத்தில் அசல் வித்து. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிளியரிங் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கப்பல் காகிதங்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். தளவாய் அண்ணாச்சி கடையில் உப்பு தூக்கலாக ஒரு நாளைக்கு நாலு லெமன் சோடா குடிப்பார். சோற்றுக்கு வினிகரில் மிதக்கும் மீன் ஊறுகாய். பல் கூசாமல் என்ன செய்யும்? பச்சைத் தண்ணீர் பட்டாலே துள்ளிக் குதிக்க ஆரம்பித்ததும் பல் டாக்டர் லுப்னாவிடம் போனார்.

"அங்கிள், புளிப்பு பட்டுப் பட்டு எனாமல் அரிச்சிருக்கு. முதல்ல சோடாவ நிப்பாட்டுங்க. ஊறுகாயக் கொறைங்க. ஃப்ளோரைடு பேஸ்ட் எழுதித் தாரேன்" என்றார் அந்தப் பெண். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எண்ணெய் கொப்பளிச்சா நல்லதா?" என்று இவர் கேட்டதற்கு, "தாவர எண்ணெய் பல்லு மேல படிஞ்சு அமிலத்தத் தடுக்குமான்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. கொஞ்சம் உதவலாம், உதவாமலும் போகலாம்" என்றும் சொல்லிவிட்டார்.

ஃபிராங்க்ளின் செருப்பை மாட்டும்போதே சோடா, ஊறுகாய், பேஸ்ட், 'உதவாமலும் போகலாம்' எல்லாவற்றையும் கிளினிக் வாசலில் விட்டுவிட்டு, 'உதவலாம்' என்ற ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து அவர் ஊருக்கே பல் காவலர். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். பூசை முடிந்து பாதிரியார் படியிறங்குமுன் மடக்கிக்கொள்வார். தளவாய் அண்ணாச்சிக்கோ தினமும் பாடம்தான்: "எண்ணெய் பல்லு மேல சட்டை மாதிரி நிக்கும் அண்ணாச்சி. எலுமிச்சை வழுக்கிட்டு ஓடிரும். இன்னொரு சோடா போடுங்க." கவசம் போட்டவன் வெட்டுக்கு அஞ்சலாமா? நாலு சோடா ஆறாயிற்று.

அவர் மனைவி இசபெல்லா இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டாளா? எதற்குக் கோபிக்க வேண்டும்? எண்ணெய் வாய்க்குள் போகும் ஏழரை மணியிலிருந்து அதைத் துப்பும் ஏழு ஐம்பது வரை அந்த வீட்டில் ஒரு குரல் குறைவு. கேட்டுக்கு என்ன பெயின்ட், அண்ணன் குடும்பம் வந்தால் எத்தனை நாள் தங்குவது, எல்லாம் அந்த இருபது நிமிடத்தில்தான் முடிவாயின. அவர் கையை ஆட்டுவார், காலை உதைப்பார். நடுவில் துப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவரே.

இப்படியிருக்கையில் மகள் ஜெர்லினுக்குக் கப்பலில் கேடட் வேலை கிடைத்தது. அவள் படித்துப் பாஸ் செய்த வேலை. "கடல்ல பொம்பளப் பிள்ளைக்கு என்ன சோலி?" என்று ஆரம்பித்து எட்டு நாள் பேசினார் ஃபிராங்க்ளின். ஊரான் பிள்ளைகள் கப்பலேற ஆயிரம் காகிதம் தள்ளியவர்தான். ஆனால் தன் பிள்ளை என்று வரும்போது புயல், கொள்ளைக்காரன், கப்பல் சாப்பாடு என்று ஒன்று விடாமல் எடுத்து வைத்தார். அப்பா முடிவாக வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்று ஜெர்லின் சொல்லிவிட்டாள். ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏழு நாற்பத்தொன்றுக்கு இசபெல்லா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, கம்பெனிக்காரங்க லைன்ல இருக்காங்க. பிள்ள வாரான்னு சொல்லப் போறோம். வேண்டாம்னா துப்பிட்டுச் சொல்லுங்க."

வாஷ்பேசின் நாலடி தூரம். பேச வேண்டியதெல்லாம் எண்ணெய்க்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. ஓரடி வைத்தார். இரண்டாவதும் வைத்தார். ஜெர்லின் போனைக் கையில் பிடித்தபடி அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் அவள் முகத்தைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. புயலுக்கும் கொள்ளைக்காரனுக்கும் அஞ்சாத பிள்ளை, அப்பன் வாய் திறந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறாள் என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி நின்று கொப்பளிப்பைத் தொடர்ந்தார்.

"ஜாயின் பண்ணுதேன் சார்" என்றாள் ஜெர்லின்.

எனாமல் மேல் உள்ள ஆசையில் பிள்ளையைக் கடலுக்கு விட்டார் என்று தெருவே சிரித்தது. அவரோ, "நான்தான் அனுப்புதேன்" என்று சோடாக் கடையில் மார்தட்டினார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்தது.

கிளம்புகிற அன்று வாகைக்குளம் விமான நிலையத்துக்குக் கார் ஏழே முக்காலுக்கு வரும் என்று தெரிந்தே மனிதர் ஏழரைக்கு எண்ணெயை ஊற்றிக்கொண்டார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவார், அவ்வளவுதான். ஜெர்லின் அவர் கையைப் பிடித்தாள், தோளில் முகம் வைத்தாள், காரில் ஏறினாள். அவர் உப்பிய கன்னத்தோடு தலையை மட்டும் ஆட்டினார். கார் நகர்ந்தது.

"இன்னைக்காவது துப்பித் தொலைங்க!" என்று கத்தினாள் இசபெல்லா.

துப்பப் போனால் கார் போய்விடும். எண்ணெய்வாயர் குலத்தில் எவரும் செய்யத் துணியாத பாதகத்தைச் செய்தார் ஃபிராங்க்ளின். விழுங்கினார். விழுங்கிவிட்டுக் கார் பின்னாலேயே ஓடினார்.

"ஏளா, பத்திரமா போயிட்டு வா!"

பிள்ளை கண்ணாடியை இறக்கிக் கையாட்டினாள். அன்று முழுக்க வயிறு அவரைப் படுத்திய பாட்டை இங்கே எழுதுவது நாகரிகமல்ல. பல் இன்னும் கூசுகிறது என்பதையும் அவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் வாயில் எண்ணெய் கிடையாது, பல்லும் பழுதில்லை. நல்லது. ஆனாலும் நாளைக் காலை குளியலறைக்குள் நுழைந்ததும் ஷவரைத் திறக்காமல் காதைக் கதவில் வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஏதாவது அவசர அவசரமாக முடிவாகிக்கொண்டிருக்கும்.